விரிதாள் கணக்கில் நிபந்தனைக் கூட்டல்: பிழை காணலும் களைதலும்

சங்கக் கணக்கில் நேரும் பிழைகள் இரு வகைப்படும். ஒன்று, தன்னைத் தானே காட்டிக் கொடுக்கும் பிழை. பேரேட்டில் பற்றும் வரவும் ஒத்துவராவிடின், கணக்கர் அன்றிரவே விளக்கேற்றி வைத்துக்கொண்டு அதைத் தேடிப் பிடித்துவிடுவார். மற்றொன்று, ஓசையின்றி அமர்ந்திருக்கும் பிழை. தாள் சுத்தமாக இருக்கும்; தொகை அச்சிட்டாற்போல் விளங்கும்; ஆனால் அத்தொகை மெய்யான தொகையன்று. கணினியில் விரிதாள் வைத்துக் கணக்கெழுதும் சங்கங்களில் இவ்விரண்டாம் வகைப் பிழை பிறக்கும் இடங்களுள் முக்கியமான ஒன்று, நிபந்தனைக் கூட்டல் சூத்திரம்.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. கூலி குறைந்தால் நெசவாளர் மறுநாளே வந்து கேட்பார். ஆனால் கூலியிற் பிடித்த சேமிப்புத் தொகை அவர் பெயரில் குறைவாக வரவு வைக்கப்பட்டால், பல ஆண்டுகள் கழித்து அவர் அதைப் பெற வரும் வரையில் ஒருவரும் அறியமாட்டார். தார் விற்ற தொகை ஐந்து தவணையாக வரவேண்டிய வாழை விவசாயிக்கு ஒரு தவணை விட்டுப்போனால், அவர் தம் ஞாபகத்தைத்தான் சந்தேகிப்பார். கணினியைச் சந்தேகிக்க மாட்டார். ஆகவே இச்சூத்திரம் எங்கெங்கே தவறும், எவ்வாறு திருத்துவது என்பதைக் கணக்கர் மட்டுமன்றி நிர்வாகக் குழுவினரும் அங்கத்தினரும் அறிந்திருத்தல் நலம்.

நிபந்தனைக் கூட்டல் என்பது யாது?

விரிதாள் என்பது பழைய நீள்கணக்குப் புத்தகத்தின் கணினி வடிவமே. 1979-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த விசிகால்க் என்னும் மென்பொருள் இதற்கு முன்னோடி. இன்று பலரும் கையாள்வது எக்செல்; இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் என்பதும் உண்டு. மேலிருந்து கீழாகச் செல்லும் நிரல்களுக்கு ஏ, பி, சி என ஆங்கில எழுத்துகளும், குறுக்கே செல்லும் வரிசைகளுக்கு 1, 2, 3 என எண்களும் பெயர். சி நிரலும் 5-ஆம் வரிசையும் சந்திக்கும் கட்டம் சி5.

நிரல் முழுவதையும் கூட்டுவதற்குச் சம் என்னும் சூத்திரம். குறித்த பெயருக்கு உரிய தொகைகளை மட்டும் பொறுக்கிக் கூட்டுவதற்குச் சம்இஃப் என்னும் சூத்திரம். அதன் வடிவம் இது:

=சம்இஃப்(ஏ2:ஏ7, எஃப்2, சி2:சி7)

'ஏ2 முதல் ஏ7 வரை பார். எஃப்2 கட்டத்தில் உள்ள பெயர் எங்கெல்லாம் இருக்கிறதோ, அதற்கு நேரே சி நிரலில் உள்ள தொகைகளைக் கூட்டு' என்பது இதன் பொருள். கணினியில் இதனை ஆங்கில எழுத்துகளிலேயே இடவேண்டும்; படிப்போர் வசதிக்காக இங்கே தமிழில் எழுதியுள்ளோம். நிபந்தனை ஒன்றுக்கு மேற்பட்டால் சம்இஃப்ஸ் என்பதைக் கையாள வேண்டும். இது எக்செல்லின் 2007-ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்க்கப்பட்டது.

இவ்விரண்டிலும் உறுப்புகளின் ஒழுங்கு மாறி நிற்பதை முதலில் மனத்தில் இருத்துக. சம்இஃப்பில் கூட்டவேண்டிய நிரல் கடைசியில் வரும். சம்இஃப்ஸில் அதுவே முதலில் வரும். ஒன்றைத் திருத்தி மற்றொன்றாக்கும்போது இந்த ஒழுங்கை மறப்பவர் பலர்.

ஓர் உதாரணக் கணக்கு

விளக்கத்திற்காக ஒரு சிறு கணக்கை எடுத்துக்கொள்வோம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள ஸ்ரீரங்கத்திலிருந்தும், தென்கரையிலுள்ள உறையூரிலிருந்தும் அங்கத்தினர் ஒரு சங்கத்திற்கு வாழைத்தார் கொண்டுவந்ததாகக் கொள்க. ஏ நிரலில் ஊர். பி நிரலில் இரகம். சி நிரலில் தொகை.

வரிசை 2: ஸ்ரீரங்கம், பூவன், 8000
வரிசை 3: ஶ்ரீரங்கம், ரஸ்தாளி, 6500
வரிசை 4: ஸ்ரீரங்கம் (பெயருக்குப் பின் ஓர் இடைவெளி), பூவன், 5500
வரிசை 5: திருவரங்கம், கற்பூரவல்லி, 4000
வரிசை 6: உறையூர், மொந்தன், 7000
வரிசை 7: ஸ்ரீரங்கம், பூவன், 3000/-

ரசீதுகளைக் கையாற் கூட்டினால் ஸ்ரீரங்கத்துக்கு ரூ. 27,000, உறையூருக்கு ரூ. 7,000, ஆக ரூ. 34,000. ஆனால் சம்இஃப் ஸ்ரீரங்கத்துக்குத் தரும் விடை ரூ. 8,000 மட்டுமே! உறையூரின் ரூ. 7,000 சரியாக வரும். சி நிரல் முழுவதையும் சம் சூத்திரத்தாற் கூட்டினாலோ ரூ. 31,000 வரும். ஆக, ஒரே தாளில் ரூ. 15,000, ரூ. 31,000, ரூ. 34,000 என மூன்று மொத்தங்கள். எங்கும் பிழைக்குறி இல்லை; கணினி எச்சரிக்கையும் தரவில்லை. இந்த மூன்று எண்களின் வேறுபாடுகளே நமக்கு வழிகாட்டிகள். முதல் வேறுபாடு ரூ. 16,000, அது எழுத்தின் பிழையால் வந்தது. இரண்டாவது ரூ. 3,000, அது எண்ணின் பிழையால் வந்தது.

எழுத்தின் பிழை

2-ஆம் வரிசையிலும் 3-ஆம் வரிசையிலும் உள்ள ஊர்ப்பெயர்கள் பல எழுத்துருக்களில் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். கணினிக்கோ அவை இருவேறு சொற்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் உலகப் பொதுவான ஓர் எண் கொடுத்து வைத்திருக்கும் ஒருங்குறி முறையில் 'ஸ' என்பதற்கு எண் 3000. வடமொழியின் தாலவ்ய ஒலியைக் குறிக்கும் 'ஶ' என்பதற்கு எண் 2998. இது 2005-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. 'ஸ்ரீ' என்னும் கூட்டெழுத்தைச் சில விசைப்பலகைகள் 'ஸ'கரத்தைக் கொண்டும், சில 'ஶ'கரத்தைக் கொண்டும் அமைக்கின்றன. அலுவலகக் கணினியில் ஒருவர் தட்டெழுதியதும், கைப்பேசியில் மற்றொருவர் எழுதி அனுப்பியதும் ஒரே தாளிற் சேரும்போது, ஸ்ரீரங்கம் இரண்டாகிவிடுகிறது. திருச்சி வட்டாரத்துச் சங்கங்கள் இப்பிழையைச் சிறப்பாக அஞ்சவேண்டும். ஊர்ப்பெயரே அதிற் சிக்குகிறதன்றோ!

இதைக் கண்டறிவது எளிது. ஒரு வெற்றுக் கட்டத்தில் =ஏ2=ஏ3 என இடுக. இரண்டும் ஒன்றாயின் 'ட்ரூ' என்றும், அன்றெனில் 'ஃபால்ஸ்' என்றும் விடை வரும். மேலும் தெளிவு வேண்டின் =யூனிகோட்(ஏ2) என இடுக; முதல் எழுத்தின் எண் 3000-ஆ, 2998-ஆ என்று அது சொல்லிவிடும். இச்சூத்திரம் எக்செல்லின் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் கிடைக்கிறது. பின்னர் 'கண்டுபிடித்து மாற்று' என்னும் வசதியைக் கொண்டு ஒரு வடிவத்தை மற்றொன்றாக மாற்றிவிடலாம்.

இதே இனத்துப் பிழை வேறு பெயர்களிலும் உண்டு. 'கௌரி' என்பதில் ஔகாரக் குறி ஒரே எழுத்து. அதனையே ககரத்துடன் ஒற்றைக் கொம்பும் தனி ளகரமும் சேர்த்து 'கெளரி' எனச் சிலர் தட்டெழுதுவர். அச்சில் வேறுபாடு புலப்படாது. =லென்(ஏ2) என்னும் சூத்திரம் எழுத்துக் குறிகளை எண்ணித் தரும். முன்னதற்கு 4 என்றும் பின்னதற்கு 5 என்றும் விடை வரும். ஆனால் 'ஸ்ரீ'யின் இரு வடிவங்களுக்கும் நீளம் ஒன்றே. அவ்விடத்தில் லென் பயன்படாது என்பதை நினைவிற் கொள்க.

4-ஆம் வரிசையிலுள்ள இடைவெளி மற்றொரு வகை. பெயருக்குப் பின்னே விரல் தவறி விழுந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது, கணினிக்குத் தெரியும். =டிரிம்(ஏ4) என்னும் சூத்திரம் முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளைக் களைந்து தரும். அவ்வாறு களைந்த பெயர்களை நகலெடுத்து, 'மதிப்பு மட்டும்' என்னும் முறையில் பழைய இடத்தில் ஒட்டவேண்டும். வலைப்பக்கங்களிலிருந்து எடுத்த பெயர்களில் முறியா இடைவெளி என்று ஒன்று இருக்கும். டிரிம் அதைக் களையாது. அந்த இடைவெளியை மட்டும் நகலெடுத்து, 'கண்டுபிடித்து மாற்று' வழியாக நீக்கவேண்டும்.

5-ஆம் வரிசையில் இருப்பது உண்மையிலேயே வேறு பெயர். ஸ்ரீரங்கத்தைத் திருவரங்கம் என்பதும் சீரங்கம் என்பதும் நம் மரபு. 1994-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி மாநகராட்சி அமைந்தபோது ஸ்ரீரங்கம் நகராட்சி அதனுள் இணைந்தமையால், முகவரியைத் 'திருச்சி-6' என எழுதுவோரும் உளர். எழுதுவோர் எவரும் தவறு செய்யவில்லை; கணக்குத்தான் பிளவுபடுகிறது. இதற்குச் சிறந்த பரிகாரம், ஊரைத் தட்டெழுத விடாமல் பட்டியலிலிருந்து தெரிந்தெடுக்கச் செய்வதே. டேட்டா வேலிடேஷன் என்னும் வசதி இதற்காகவே உள்ளது. அங்கத்தினரைப் பெயரால் அன்றி அங்கத்தினர் எண்ணாலேயே கூட்டுவது அதனினும் சிறந்தது.

எண்ணின் பிழை

7-ஆம் வரிசையில் தொகை '3000/-' என்று இருக்கிறது. ரசீதில் அவ்வாறு எழுதுவது நம் பழக்கம். தொகையை எவரும் திருத்தாதிருக்க அது காவல். ஆனால் விரிதாளில் அந்தக் கோடு விழுந்தவுடன் அது எண்ணாக இல்லாமல் சொல்லாகிவிடுகிறது. சம், சம்இஃப் ஆகிய இரண்டும் சொல்லைக் கூட்டுவதில்லை; சொல்லாமலே விட்டுவிடுகின்றன. 'ரூ.' என்று முன்னே தட்டெழுதினாலும், சுழிக்குப் பதில் ஆங்கில ஓகாரத்தை இட்டாலும் இதே கதி.

அடையாளம் இது: எண்கள் கட்டத்தின் வலப்புறம் ஒட்டி நிற்கும், சொற்கள் இடப்புறம் நிற்கும். =கவுன்ட்(சி2:சி7) என்பது எண்களை மட்டும் எண்ணும்; =கவுன்ட்ஏ(சி2:சி7) என்பது வெறுமையல்லாத எல்லாக் கட்டங்களையும் எண்ணும். நம் உதாரணத்தில் முன்னது 5, பின்னது 6. ஒன்று குறைகிறது, அதைத் தேடிப் பிடித்துக் கோட்டை நீக்கிவிட்டால் தொகை சேர்ந்துவிடும். கட்டத்தின் தோற்ற வடிவத்தை மட்டும் எண் என மாற்றுவதால் பயன் இல்லை, உள்ளிருப்பது மாறவேண்டும்.

வங்கிக் கணக்கு எண்ணை நிபந்தனையாகக் கொள்வோருக்கு ஓர் எச்சரிக்கை. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே நுட்பமாகக் கொள்ளும். 16 இலக்கமுள்ள கணக்கு எண்களைச் சொல்வடிவில் பத்திரமாக வைத்திருப்பினும், சம்இஃப் அவற்றை எண்ணாக மாற்றியே ஒப்பிடும். ஆகவே கடைசி இலக்கம் மட்டும் வேறுபடும் இருவரின் கணக்குகள் அதற்கு ஒன்றாகிவிடும். இருவர் கூலியும் சேர்ந்து இருவர் பெயரிலும் நிற்கும். அவ்வாறே '007' என்னும் எண்ணும் '7' என்னும் எண்ணும் அதற்கு ஒன்றே. இத்தகைய இடங்களில்

=சம்புராடக்ட்((ஏ2:ஏ7=எஃப்2)*(சி2:சி7))

என்னும் சூத்திரத்தைக் கையாளலாம். சொல்வடிவில் வைத்த எண்களை இது எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும்.

எல்லையின் பிழை

சூத்திரத்தில் எந்த வரிசை முதல் எந்த வரிசை வரை என்பதே எல்லை. இங்கு மூன்று தவறுகள் நேரும்.

முதலாவது, தொடக்கம் ஒத்துவராமை. ஊர் நிரலை ஏ2-இல் தொடங்கித் தொகை நிரலைச் சி3-இல் தொடங்கினால், ஒவ்வொருவர் பெயருக்கும் அடுத்தவர் தொகை சேரும். சம்இஃப் இதை மறுக்காது. சம்இஃப்ஸோ, இரு எல்லைகளின் அளவு வேறுபட்டால் 'வேல்யூ' என்னும் பிழைக்குறியைக் காட்டும். அளவு ஒன்றாய்த் தொடக்கம் மட்டும் வேறுபட்டால் அதுவும் வாய் திறக்காது.

இரண்டாவது, நகலெடுக்கும்போது எல்லை நழுவுதல். ஸ்ரீரங்கத்துக்கு எழுதிய சூத்திரத்தை இழுத்து அடுத்த வரிசையில் உறையூருக்கு இட்டால், ஏ2:ஏ7 என்பது தானே ஏ3:ஏ8 ஆகிவிடும். முதல் வரிசை கணக்கினின்று விழுந்துவிடும். டாலர் குறியிட்டு $ஏ$2:$ஏ$7 என எழுதினால் எல்லை நகராது.

மூன்றாவது, புதிய வரிசைகள் எல்லைக்கு வெளியே நின்றுவிடுதல். சூத்திரம் 200-ஆம் வரிசை வரை இருக்க, பதிவுகள் 215 வரை சென்றால், கடைசிப் பதினைந்தும் கணக்கில் இல்லை. பெரிய அறிஞர்களும் இதில் வழுக்கியதுண்டு. ரைன்ஹார்ட், ரோகாஃப் என்னும் இரு பொருளாதார அறிஞர்கள் நாடுகளின் கடனையும் வளர்ச்சியையும் பற்றி 2010-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு பல நாடுகளில் மேற்கோளாகக் காட்டப்பட்டது. அவர்தம் விரிதாளில் சராசரிச் சூத்திரத்தின் எல்லை 49-ஆம் வரிசை வரை செல்லவேண்டியிருக்க, 44-ஆம் வரிசையோடு நின்றுவிட்டது. ஐந்து நாடுகள் விட்டுப்போயின. தாமஸ் ஹெர்ண்டன் என்னும் மாணவர் அதே கணக்கைத் தாமும் போட்டுப் பார்த்ததால் 2013-ஆம் ஆண்டில் இது வெளிப்பட்டது. இரண்டாமவர் ஒருவர் போட்டுப் பார்த்தால்தான் பிழை தெரியும் என்பது இதில் நாம் கொள்ளவேண்டிய பாடம். எல்லையை ஏ:ஏ, சி:சி என முழு நிரலாகக் கொண்டால் இம்மூன்று தவறுகளும் நேரா. விடையை மட்டும் அந்நிரல்களுக்கு வெளியே வைத்துக்கொள்ளவேண்டும். இடையிடையே கூட்டுத்தொகை வரிசைகள் வைத்து அவற்றிலும் ஊர்ப்பெயரை எழுதினால், அவை இரட்டிப்பாகச் சேர்ந்துவிடும் என்பதையும் கவனிக்க.

நிபந்தனையின் பிழை

ஆயிரத்திற்கு மேற்பட்ட தொகைகளைக் கூட்ட நிபந்தனையை மேற்கோள் குறிக்குள் ">1000" என இடவேண்டும். அளவை வேறு கட்டத்தில் வைத்திருப்பின் ">"&எச்1 என இணைக்கவேண்டும். ">எச்1" என முழுவதையும் மேற்கோளுக்குள் அடைத்தால், கணினி 'எச்1' என்னும் சொல்லோடு ஒப்பிட்டு, பெரும்பாலும் சுழியைத் தரும்.

உறையூர், ஸ்ரீரங்கம் ஆகிய இரண்டின் தொகையும் சேர்ந்து வேண்டுமெனில், சம்இஃப்ஸில் ஒரே நிரலுக்கு இரு ஊரையும் நிபந்தனையாக இடுவது தவறு. ஒரே வரிசையில் இரண்டு ஊரும் ஒருங்கே இருக்குமா? விடை சுழியாகும். இரண்டு சூத்திரங்களைத் தனித்தனியே எழுதிக் கூட்டுவதே முறை.

நெசவாளர் சங்கங்களில் விரிப்பின் அளவை 60*90 என எழுதுவதுண்டு. நட்சத்திரக் குறிக்கு இச்சூத்திரங்களில் 'எதுவாயினும் ஆகுக' என்று பொருள். ஆகவே 60*190 என்னும் உருப்படியும் 60-இல் தொடங்கி 90-இல் முடிவதால் உடன் சேர்ந்துவிடும். நிபந்தனையில் நட்சத்திரத்தின் முன் ~ என்னும் அலைக்குறியை இட்டு "60~*90" என எழுதுக; அல்லது பெருக்கற் குறிக்கு வேறோர் எழுத்தைக் கையாள்க.

தேதிகளில் உள்ள இடர் பெரிது. நாம் நாளை முன்னும் மாதத்தைப் பின்னும் எழுதுகிறோம். அமெரிக்க முறையில் மாதம் முன்னே வரும். கணினி அமெரிக்க முறையில் அமைந்திருப்பின், 05-04 என நாம் இடும் ஏப்ரல் 5, அங்கே மே 4 ஆகிவிடும். 13-04 என்பதற்குப் பதின்மூன்றாம் மாதம் இல்லாமையால் அது தேதியாகாமல் வெறும் சொல்லாய் நிற்கும். ஏப்ரல் மாதக் கூலியைக் கூட்டினால், அம்மாதப் பதிவுகளில் 4-ஆம் தேதியது ஒன்றே சரியாக அகப்படும். ஆகவே கணினியின் வட்டார அமைப்பை 'இந்தியா' என முதலிலேயே மாற்றிவிட வேண்டும். மாதக் கூட்டலுக்கு, மாதத்தின் முதல் நாளை எச்1-இலும் அடுத்த மாதத்தின் முதல் நாளை எச்2-இலும் வைத்து, ">="&எச்1, "<"&எச்2 என இரு நிபந்தனைகள் இடுக. 30 நாள் மாதம், 31 நாள் மாதம் என்னும் குழப்பம் நீங்கும்.

பிழைக்குறி தோன்றும் இடங்களைப் பற்றி மிகுதியாகச் சொல்லவேண்டியதில்லை. 'நேம்' என்றால் சூத்திரத்தின் பெயரெழுத்துத் தவறு. 'ரெஃப்' என்றால் சுட்டிய கட்டம் அழிக்கப்பட்டது. வேறொரு கோப்பிலிருந்து சம்இஃப் செய்யும்போது அக்கோப்பு மூடியிருப்பின் 'வேல்யூ' வரும். இவை கூவி அழைக்கும் பிழைகள். நண்பர்கள் என்றே கொள்க. இஃப்எரர் என்னும் சூத்திரத்தைச் சுற்றிக் கட்டி, பிழைக்குறி வந்த இடத்தில் சுழி காட்டச் செய்வது, கூவும் பிழையின் வாயை அடைப்பதாகும். கூலிக் கணக்கில் அதைச் செய்யலாகாது.

மாதந்தோறும் செய்யவேண்டிய சரிபார்ப்பு

இத்தனை பிழைகளையும் ஒருவர் நினைவில் வைத்திருத்தல் அரிது. ஆகவே பிழை எதுவாயினும் பிடிபடும்படி மூன்று காவல்களை அமைத்துக்கொள்வதே அறிவுடைமை.

1. ஊர்வாரியாகவோ அங்கத்தினர்வாரியாகவோ வந்த நிபந்தனைக் கூட்டல்கள் யாவற்றையும் கூட்டுக. அது சம் சூத்திரம் தரும் நிரல் மொத்தத்துக்கு ஒத்திருக்க வேண்டும். நம் உதாரணத்தில் ரூ. 15,000-க்கும் ரூ. 31,000-க்கும் உள்ள வேறுபாட்டை இக்காவல் பிடிக்கும்.

2. நிரல் மொத்தத்தை ரொக்கப் புத்தகத்தோடும் ரசீதுக் கட்டோடும் ஒப்பிடுக. ரூ. 31,000-க்கும் ரூ. 34,000-க்கும் உள்ள வேறுபாட்டை இது பிடிக்கும். முதற்காவல் மட்டும் போதாது என்பதற்கு இதுவே சான்று. நிரல் மொத்தமும் நிபந்தனைக் கூட்டலும் சொல்வடிவத் தொகையை ஒருசேர விட்டுவிடுவதால், தமக்குள் ஒத்துப்போய்விடும்.

3. மேலிரண்டும் ஒத்திருப்பினும், ஒருவர் தொகை மற்றொருவர் பெயரிற் சென்றிருக்கலாம். ஆகவே மாதந்தோறும் ஐந்தாறு அங்கத்தினரின் கணக்கை, முன்கூட்டிச் சொல்லாமல் பொறுக்கியெடுத்து, அவர்தம் கைப்புத்தகத்தோடு ஒப்பிடுக. இதனைக் கணக்கர் அல்லாத ஒருவர் செய்யவேண்டும்.

முதலிரண்டு காவல்களையும் தாளின் தலைப்பிலேயே இரு கட்டங்களில் அமைத்து, வேறுபாடு சுழியாயினன்றிக் கூலிப் பட்டியலைக் கையெழுத்துக்கு அனுப்பலாகாது என்று நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் செய்துவிடலாம். அதற்குச் செலவு ஏதும் இல்லை.

1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்த நாள் முதல், சங்கப் பேரேட்டைப் பார்க்க அங்கத்தினர் வரும்போது கணக்கர் விரல் வைத்து வரிவரியாகக் காட்டுவது வழக்கமாயிருந்தது. விரிதாளில் விரல் வைக்க இடமில்லை. சூத்திரம் கட்டத்துக்குள் மறைந்திருக்கிறது. அந்த விரலின் வேலையை இந்தச் சரிபார்ப்புகள் செய்யவேண்டும். தம் கணக்கில் சந்தேகம் தோன்றும் அங்கத்தினர், தம் ஞாபகத்தை மட்டும் குறைகூறிக்கொண்டு திரும்பிவிடாமல், 'என் பெயர் தாளில் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது?' என்று ஒரு கேள்வி கேட்பாராக. கேட்பது அவர் உரிமை. காட்டுவது சங்கத்தின் கடமை.